ஒட்டடைச் சிலந்திக்கு 10 மடங்கு மடக்கு லென்ஸ் போதுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர வீடுகளில் கராஜ் மூலையில் தலைகீழாகத் தொங்கும் நீளக்கால் சிலந்திகள் எல்லாம் ஒரே ரகம் அல்ல. உலகெங்கும் மனிதர் வீட்டோடு பரவிவிட்ட ஃபோல்கஸ் பேரினம் ஒன்று. ஆப்பிரிக்காவே தாய்மண்ணான ஸ்மெரிங்கோபஸ் இன்னொன்று. குடும்பம் ஒன்றுதான், ஃபோல்சிடே. துணைக்குடும்பம் வேறு. இரண்டுக்கும் எட்டுக் கண், ஏறக்குறைய ஒரே உடல் நீளம். வெறும் கண்ணுக்கு ஏமாற்றுவேலை.

நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் 21 மி.மீ. விட்டமுள்ள மடக்கு லென்ஸ், 10 மடங்கு பெரிதாக்குவது, விளக்கு வைத்தது: இந்த வேலைக்கு இதுவே சரி. "30 மடங்கு" என்று அச்சிட்ட மலிவு லென்ஸ்கள் பெரும்பாலும் 10-ஐத் தாண்டுவதில்லை. உண்மையான 20 மடங்கு வாங்கினாலோ, பொருளை 1.25 செ.மீ. அருகில் பிடிக்க வேண்டும், வெளிச்சமே விழாது. 10 மடங்குக்கு 2.5 செ.மீ. இடைவெளி கிடைக்கும்.

வலையில் இருக்கும்போது பார்க்க முயல வேண்டாம். தொட்டதும் உடலைச் சுழற்றி மங்கலாகிவிடும், அதன் தற்காப்பே அதுதான். பிளாஸ்டிக் டப்பாவில் மெல்லத் தள்ளி (கால் சட்டென்று கழன்றுவிடும்) ஃப்ரிட்ஜில் சில நிமிடம் வைத்தால் அடங்கும். பிறகு ஒளி ஊடுருவும் பைக்கு மாற்றி, பின்னால் பஞ்சு வைத்து லேசாக அழுத்தவும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, பையை அருகே கொண்டுவர வேண்டும். தலைமார்பின் (கால்கள் முளைக்கும் முன்பகுதி) நடுவே ஆழமான குழி தெரிந்தால் ஸ்மெரிங்கோபஸ் பக்கம். குழி இல்லாமல் வழுவழுப்பாக இருந்தால் ஃபோல்கஸ். வயிற்றின் பின்நுனி மேலே கூராக எழும்பியிருந்தால் மூன்றாவது ஆள், க்ராஸோப்ரிஸா. அதற்கும் குழி உண்டு என்பதால் வயிற்றையும் பார்த்துவிடுங்கள்.

குறை, அந்த விளக்குதான். நேராக அடிக்கும் ஒளி முதுகில் பளபளத்துக் குழியையே மறைத்துவிடுகிறது. அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் குழியின் நிழல் விழும். கடற்கரை ஈரத்தில் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வைக்கவும்.

சிற்றினம் வரை போக இந்த லென்ஸ் உதவாது. 2012-இல் சிலந்தி ஆய்வாளர் பெர்ன்ஹார்ட் ஹூபர் ஸ்மெரிங்கோபஸைத் திருத்தி வகைப்படுத்தியபோது, பிரித்துக் காட்டியது முக்கியமாக இனப்பெருக்க உறுப்புகளை வைத்துத்தான். அதற்கு 70 சதவீத ஆல்கஹாலில் போட்ட வளர்ந்த ஆணும் ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பும் வேண்டும். அந்த ஆசை உள்ளவர்கள் லென்ஸுக்குச் செலவழிக்காமல் பணத்தைச் சேர்த்து வைக்கலாம்.