சுவரில் ஒன்று, ஆஃபர் லெட்டரில் ஒன்று

நேர்மை, வெளிப்படைத்தன்மை, சுதந்திரம், 'இது உங்கள் கம்பெனி': எந்த ஸ்டார்ட்அப்பின் சுவரிலும் இந்த நான்கில் குறைந்தது மூன்று இருக்கும். 2001இல் திவாலான அமெரிக்க எரிசக்திக் கம்பெனி என்ரானும் நேர்மையைத் தன் கொள்கைகளில் ஒன்றாக அச்சிட்டிருந்தது. இரண்டு ஆஃபர்களைக் கையில் வைத்திருப்பவர் சுவரை விட்டுவிட்டு ஷரத்துகளைத்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் 'முதலாளி மாதிரி யோசியுங்கள்'. இரண்டு கம்பெனிகளும் 10,000 ஸ்டாக் ஆப்ஷன் (கம்பெனிப் பங்கை முன்பே குறித்த விலைக்குப் பின்னால் வாங்கும் உரிமை) தருவதாகச் சொல்கின்றன என்று வையுங்கள். ஒன்றில் மொத்தப் பங்குகள் 1 கோடி, உங்களுக்கு 0.1%. மற்றதில் 10 கோடி, உங்களுக்கு 0.01%. மொத்த எண்ணிக்கையைச் சொல்லாவிட்டால் அந்த 10,000 வெறும் அலங்காரம். வெஸ்டிங், அதாவது அந்த உரிமை படிப்படியாக உங்கள் கைக்கு வரும் காலம், பெரும்பாலும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும்: நான்கு ஆண்டு, முதல் ஆண்டு முடியாமல் ஒன்றும் கிடையாது. பதினோராவது மாதத்தில் அனுப்பிவிட்டால் கையில் பூஜ்யம்தான்.

பெரிய வித்தியாசம் வேலையை விட்ட பிறகு தெரியும். அமெரிக்க ஸ்டார்ட்அப்களில் வழக்கமான கெடு 90 நாள். அதற்குள் சொந்தப் பணத்தைக் கட்டிப் பங்குகளை வாங்க வேண்டும். சந்தையில் விற்க முடியாத பங்குக்குச் சில சமயம் வரியும் சேரும். கட்ட முடியாதவரின் ஆப்ஷன் காலாவதியாகிவிடும். பின்டரெஸ்ட் 2015இல், இரண்டு ஆண்டு வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கெடுவை 7 ஆண்டாக நீட்டியது. 'முதலாளி' என்ற சொல்லுக்கு அங்கே கொஞ்சம் எடை உண்டு. முதலீட்டாளர்களின் முன்னுரிமையை, அதாவது கம்பெனி விலைபோகும்போது அவர்கள் தங்கள் பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமையை, பற்றியும் கேளுங்கள்: 40 கோடி போட்டவர்களுக்கு ஒரு மடங்கு முன்னுரிமை இருந்து, கம்பெனி 30 கோடிக்கு விலைபோனால், சாதாரணப் பங்குக்காரருக்கு எதுவும் மிஞ்சாது.

அடுத்தது விடுப்பு. 'அளவில்லா விடுப்பு' கேட்கக் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் கணக்கில் நாள் சேராததால், விலகும்போது காசாக்க எதுவும் இருக்காது. எத்தனை நாள் எடுத்தால் தப்பில்லை என்று தெரியாமல் ஆட்கள் குறைவாகவே எடுப்பதும் உண்டு. மக்களிடம் நிதி திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டர் 2015இல் அளவில்லா விடுப்பைக் கைவிட்டு 25 நாள் என்று வரையறுத்தது. இதில் எண் சொல்லும் கம்பெனிதான் மேல். அளவில்லா விடுப்புதான் என்றால், உங்கள் மேலாளர் போன வருடம் எத்தனை நாள் எடுத்தார் என்று கேளுங்கள்.

வெளிப்படைத்தன்மைக்குச் சோதனை சுலபம். சமூக ஊடகப் பதிவுகளுக்கான மென்பொருள் கம்பெனி பஃபர் 2013இலேயே எல்லோருடைய சம்பளத்தையும் வெளியிட்டது. அந்த அளவுக்கு வேண்டாம். கையிருப்பை மாத நிகரச் செலவால் வகுத்தால் எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்கிறார்களா? இதற்கு மழுப்புகிறவர்கள் சுவரில் எழுதியதை அழித்துவிடலாம்.

சொல்லும் செயலும் பொருந்திவிட்டாலே நல்லது என்றும் இல்லை. ஊபரின் பழைய பட்டியலில் தகுதி இருந்தால் பிறர் காலை மிதிக்கலாம் என்று பொருள்படும் ஒரு வரி இருந்தது. உள்ளேயும் அப்படித்தான் நடந்தார்கள். 2017 நவம்பரில் புதுத் தலைமை அதை நீக்கியது.

மொத்தப் பங்குகள், விலகிய பின் கெடு, முன்னுரிமை, விடுப்பு: இந்த நான்கையும் கையெழுத்துக்கு முன் மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் சொல்கிறோம் என்றால், பேசி முடித்ததும் அவர்கள் சொன்னதை நீங்களே எழுதி அனுப்பி, சரிதானா என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.