துணிப் பொம்மையா மரப் பொம்மையா: ப, ம, வ பழகுறதுக்கு எது ஒத்துவரும்?

என்ட வீட்ட இப்ப ரெண்டு பேசுற பொம்மை இரிக்கு. ஒண்டு தம்பி கட்டார்ல இருந்து வரக்குள்ள பழசா வாங்கிக் கொண்டுவந்த மரப் பொம்மை. தலை மரம், உடம்புக்குள்ள ஒரு தடி, தடியில ஒரு சின்ன லீவர், அத அமத்தினா நூல் போய் தாடைய இழுக்கும், விட்டா ஸ்பிரிங் மூடும். மத்தது நானே ஸ்பொஞ்சும் மருதமுனைக் கைத்தறித் துணியும் வெச்சித் தைச்ச துணிப் பொம்மை, கைய உள்ளுக்க விட்டு விரலால வாயத் தெறந்து மூடுறது. உதடு அசையாமக் கதைக்கிற இந்த வென்ட்ரிலோகிசம் பழகப் போறன் எண்டு சொல்ற நாலஞ்சி பிரீஸ்கூல் டீச்சர்மார் எத வாங்குற எண்டு என்னட்டக் கேட்டாங்க. ரெண்டையும் வெச்சி ஒண்டரை வருசமாப் பழகுற ஆளா சொல்றன், துணிப் பொம்மைதான். ஏன் எண்டு சொல்லத்தான் இவ்வளவு எழுதுறன்.

விலை, அழகு எல்லாம் பாத்த உடன வெளங்குற விசயம். மரப் பொம்மை விலை கூட, நம்மட பக்கம் கடையில இல்ல, ஆரும் வெளிநாட்டுல இருந்து கொண்டு வரணும். துணிப் பொம்மைக்கு எனக்கு முடிஞ்சது மூவாயிரம் ரூபாக்குள்ள. பழைய சொக்ஸ்ல பட்டன் தைச்சித் தொடங்கலாமா எண்டா தொடங்கலாம், முதல் மாசத்துக்குப் போதும், ஆனா உள்ளுக்க ஒரு தட்டு வெக்காட்டி அது வாய் மாதிரி ஒழுங்கா மூடாது. அந்த மூடுற விசயத்துலதான் எல்லாமே இரிக்கு, கீழ வாறன். பொம்மையே இல்லாம கண்ணாடிக்கு முன்னால நிண்டு பழகுறவங்களும் இரிக்காங்க. நானும் முதல் மூணு கிழமை அப்பிடித்தான், பல்லு ரெண்டும் லேசாத் தொட, உதட்டக் கொஞ்சம் விரிச்சி, சிரிக்கப்போற முகம் மாதிரி வெச்சிக்கிட்டு. அம்மா குசினிக்குள்ள இருந்து “யாரோட புள்ள கதைச்சிக்கிட்டு இரிக்காய்?” எண்டு கேட்ட அண்டைக்கு எனக்கு அவ்வளவு சந்தோசம். க, ச, ட, த, ந, ர, ல, அ, இ, எ எல்லாம் அந்த மூணு கிழமைல வந்திடும்.

மிச்சத்துலதான் கஷ்டம். ப, ம ரெண்டும் உதடு ரெண்டும் ஒட்டினாத்தான் பிறக்கும், வ மேல் பல்லு கீழ் உதட்டுல பட்டாத்தான், உ ஊ ஒ ஓ ஔ உதடு குவிஞ்சாத்தான். இது யூடியூப்ல வந்த புதுக் கதையில்ல, தொல்காப்பியத்துல பிறப்பியல்லயே இரிக்கு, ஏ.எல். (உயர்தரம்) படிக்கக்குள்ள பாடமாக்கின நான், அது என்னத்துக்கு எண்டு இப்பதான் வெளங்கிச்சி. இங்கிலீஷ்ல பழக்குறவங்க பீக்குப் பதிலா டீ, எம்முக்குப் பதிலா என் எண்டு மாத்திச் சொல்லச் சொல்லுவாங்க, அந்தப் பாஷைக்கு அது ஓரளவு ஓடும். நம்மட த பல்லுல நாக்கு ஒட்டுற சுத்தமான த, அதால பாய் எண்டு சொல்லப் போனா தாய் எண்டு பளிச்செண்டு கேக்கும். மாடு நாடாகும், மான் நானாகும். சின்னப் புள்ளைகளோட இரிக்கிற எங்களுக்கு ஒரு நாளைக்கு நூறுதரம் வாற சொல்லு என்ன? அம்மா, அப்பா, மாமா, மாமி, தம்பி, பாப்பா. ஊர்ப் பேரப் பாருங்க, மட்டக்களப்புல முன்னுக்கு ம, கடைசில ப்பு, அம்பாறைல நடுவுல ம்பா. மட்டக்களப்புக்குச் சொல்ற மீன் பாடும் தேனாடு எண்ட பேர உதடு அசையாம ஒருக்காச் சொல்லிப் பாருங்க, நீன் தாடுன் தேனாடு எண்டுதான் வரும். நான் தெனமும் பழகுற வரியே அதுதான், மூணு சொல்லுக்குள்ள ம ரெண்டுதரம், பா ஒருதரம்.

எனக்கு ஒத்துவந்த வழியச் சொல்றன், எல்லாருக்கும் இதே ஒத்துவரும் எண்டு அடிச்சிச் சொல்ல ஏலாது. ப-வுக்கு நாக்கு நுனியப் பல்லுல வெக்காம நுனியக் கீழ்ப் பல்லுக்குப் பின்னால விட்டுட்டு, நாக்குட முன்பக்க மேல்தட்டையால மேல் முரச அமத்தி ஒரு சின்ன வெடிப்போட விடுறது, அப்ப த-ட கூர் கொஞ்சம் மழுங்கும். ம-வுக்கு முதல்ல ங் மாதிரி மூக்குக்குள்ள முனகலத் தொடங்கிட்டு புறகு நாக்க விடுறது, அம்மா எண்டா அந்த ம்ம-வ நீட்டி முனகினா அன்னா எண்டு கேக்குறது கொறையும். வ-வுக்கு நம்மட பாஷையிலயே ஒரு கொடை இரிக்கு. காசு, காது, பாட்டு எண்டு சொல்லக்குள்ள கடைசி உ-வுக்கு நாம உதட்டக் குவிக்கிறதில்ல, அதான் குற்றியலுகரம். அந்த அரை உ-வப் பிடிச்சி அதோட ஆ-வ ஒட்டினா வா கிட்டத்தட்ட வந்திடும், உதடு கொஞ்சமும் அசையாது. இத எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரல்ல, காசு வாங்கு எண்டு சொல்லிக்கிட்டு இரிக்கக்குள்ள தானா வந்திச்சி.

ஆனா எவ்வளவு பழகினாலும் நூத்துக்கு நூறு ப வராது, கிட்டத்தட்ட ப மாதிரி ஒண்டுதான் வரும். மிச்சத்தப் பாக்குறவங்கட கண்ணுதான் நிரப்புது, அந்தக் கண்ணுக்குக் குடுக்கிறது பொம்மைட வாய். 1976ல ஹரி மெக்கர்க், ஜோன் மெக்டொனால்ட் எண்டு ரெண்டு பேர் ஒரு சோதனை எழுதினாங்க, காதுக்கு பா சத்தத்தக் குடுத்து கண்ணுக்கு கா சொல்ற வாயக் காட்டினா கனபேருக்கு டா எண்டு கேட்டிச்சி. காது கேக்குறதக் கண்ணு மாத்துது. இத வாசிச்ச அண்டைக்குத்தான் நான் பொம்மைட வாயப் பத்தி யோசிக்கத் தொடங்கின. நான் த மாதிரி ஒண்டச் சொல்ற அந்த நொடியில பொம்மைட வாய் இறுக்கி மூடித் தெறந்தா பாக்குறவங்களுக்கு அது ப. வாய் தெறந்தே இருந்தா அது வெறும் த-தான்.

எட்டாம் ஆண்டு படிக்கிற மகளப் பக்கத்துல இருத்தி ஒரு நாள் பரீட்சிச்சிப் பாத்த நான். அதே கதிரை, அதே குரல், “பாய் எங்க? பாயக் கொண்டு வா” எண்டு துணிப் பொம்மையால பத்துத்தரம், மரப் பொம்மையால பத்துத்தரம், போன்ல வீடியோ எடுத்து ஒருக்காக் கண்ண மூடிக்கிட்டும் ஒருக்காப் பாத்துக்கிட்டும் கேக்கச் சொன்ன. துணிப் பொம்மைட வீடியோவுக்கு அவ சொன்னா, “கண்ண மூடினா தாய் எண்டு கேக்குதும்மா, பாத்தா பாய் எண்டு கேக்குது”. மரப் பொம்மைக்கு, “இது பாத்தாலும் தாய்தான்மா”. ஒரே ஆள்ட வாயால வந்த ஒரே சத்தம், வித்தியாசம் பொம்மைட வாய் மட்டும்தான்.

ஏன் எண்டு வீடியோவ மெதுவா ஓட விட்டுப் பாத்தா தெரியும். துணிப் பொம்மைல என்ட பெருவிரல்தான் கீழ்த் தாடை, நாலு விரல் மேல் தாடை. ம வரக்குள்ள பெருவிரல் தானாப் போய் ஒட்டும், ம்ம எண்டு நீட்டுற நேரம் முழுக்க ஒட்டிக்கிட்டே இரிக்கும், ஸ்பொஞ் கொஞ்சம் அமுங்கும், அந்த அமுங்குறதப் பாக்க உண்மையான உதடு அமத்துற மாதிரியே இரிக்கும். என்ட உதடு செய்ய ஏலாத வேலைய என்ட விரல் செய்யுது. ரெண்டு மாசத்துல அது எனக்கு இன்னொரு வாய் மாதிரி ஆயிட்டு, ப எண்டு நெனைச்சா விரல் மூடும். மரப் பொம்மைல அப்பிடியில்ல, லீவர விட்டப் புறகு ஸ்பிரிங் இழுத்துத்தான் மூடும், ஒரு கண்மூடித் தெறக்குற நேரம்தான் பிந்தும், ஆனா ப எண்ட சத்தத்துட ஆயுசே அவ்வளவுதான். சத்தம் போன புறகு வாய் மூடி என்ன செய்யிற? அதோட மரத்துல மரம் மூடக்குள்ள டக் எண்டு ஒரு சத்தம், சின்ன ரூமுக்குள்ள அது நல்லாக் கேக்கும். தாடைட ஓரத்துல ஒட்டுத்தோல் ஒட்டினா சத்தம் கொறையும், ஒட்டிப் பாத்த நான், சத்தம் கொறைஞ்சிது, பிந்துறது கொறையல்ல.

புதுசாப் பழகுறவங்க செய்யிற ஒரு பிழைய இதுல சொல்லணும், நானும் செஞ்சதுதான். சொல்லக் கவ்விப் பிடிக்கிற மாதிரி, சத்தம் வரக்குள்ள வாய மூடுறது. அப்பிடியில்ல, ஒவ்வொரு உயிர்ச் சத்தத்துக்கும் வாய் தெறக்கணும், மெய்யில மூடணும், அதுலயும் ப, ம வந்தா முழுசா மூடணும். தெறக்கிறதும் பெருவிரலக் கீழ இறக்கித்தான், நாலு விரலையும் மேல தூக்கினா பொம்மை கொட்டாவி விடுற மாதிரி தலையப் பின்னுக்குச் சாய்ச்சிக்கிட்டே கதைக்கும். துணிப் பொம்மைல இந்தப் பிழை கையிலயே தெரியும். மரப் பொம்மைல லீவரத்தான் நமக்குத் தெரியும், வாய் என்ன செய்யுது எண்டு முன்னால போய்ப் பாத்தாத்தான்.

மரப் பொம்மைக்கு உரியதையும் சொல்லணும். அதுட கண்ணு ரெண்டு பக்கமும் உருளும், தூரத்துல இரிக்கிற ஆளுக்கும் முகம் தெளிவாத் தெரியும். வென்ட்ரிலோகிசம் எண்டா நம்மட ஆக்களுட மனசுல வாறதும் மடியில இரிக்கிற அந்தப் பொம்மைதான், 1977ல வந்த அவர்கள் படத்துல கமல்ட பொம்மை ஜூனியரப் பாத்தவங்க மறக்க மாட்டாங்க. மும்பைல ராம்தாஸ் பாத்யே எண்ட வென்ட்ரிலோகிஸ்ட் தகப்பன்ட கையில இருந்து வந்த அர்தவட்ராவ் எண்ட பொம்மைய வெச்சித்தான் பேரெடுத்தாரு. அமெரிக்காவுல எட்கர் பேர்கன் சார்லி மெக்கார்த்தி எண்ட மரப் பொம்மையோட 1937ல இருந்து ரேடியோவுலயே சக்கை போடு போட்டாரு, ஆருக்கும் உதடே தெரியாத ரேடியோவுல. குரலும் ஆளும் நல்லா இருந்தா பொம்மை எதெண்டாலும் நிக்கும் எண்டதுக்கு அது ஒண்டே போதும். அதே நேரம் அமெரிக்காவுலயே ஷாரி லூயிஸ் எண்ட வென்ட்ரிலோகிஸ்ட்ட லாம்ப் சொப் வெறும் சொக்ஸ் ஆட்டுக்குட்டி, அதையும் சனம் அவ்வளவு கொண்டாடிச்சி. கோயில் திருவிழா மாதிரி ஒரு பெரிய மேடைல நான் இன்னும் செஞ்சதில்ல, செஞ்சது முழுக்க இருபது முப்பது புள்ளைகளுக்கு முன்னாலதான், அதால மேடைக்கு எது நல்லம் எண்டதுல என்ட சொல்ல முடிவா எடுக்காதீங்க. சின்னப் புள்ளைகளப் பொறுத்தமட்டுல நான் கண்டது, மரப் பொம்மைய முதல்தரம் எடுத்த அண்டைக்கு ரெண்டு புள்ளைகள் அழுதிச்சிகள். துணிப் பொம்மைட கன்னத்தத் தொட்டுப் பாக்க வரிசையில நிண்டிச்சிகள்.

நம்மட காத்துக்கு எது தாங்கும் எண்டதையும் பாக்கணும். கல்லடில எங்கட வீட்டுல இருந்து கடல் கூப்பிடு தூரம், உப்புக் காத்துல அந்த ஸ்பிரிங் முதல் மாரிக்குள்ளயே துருப்பிடிச்சிட்டு, நூலும் ஒருக்கா அறுந்திச்சி. திருத்தக் குடுக்க இங்க ஆளில்ல. அம்பலாங்கொடப் பக்கம் மரத்துல பொம்மை செதுக்குற கைகள் இரிக்கு, ஆனா அது நூல்ல தொங்கி ஆடுற ரூகட, 2018ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்களே அது, இந்த லீவர் வாய் வேற வேலை. கடைசில சைக்கிள் கடைத் தம்பி ஒருத்தர்தான் பிரேக் ஸ்பிரிங் ஒண்ட வெட்டிப் போட்டுத் தந்தாரு. துணிப் பொம்மையும் சும்மா இரிக்காது, ஸ்பொஞ் மஞ்சளாகி உதிரும், மாரிக்குள்ள பூஞ்சணம் பிடிக்கும், ஆனா துணியக் கழட்டித் தோய்ச்சி வெயில்ல போடலாம், ஸ்பொஞ்ச மாத்தலாம், எல்லாம் என்ட கையாலயே.

இன்னொண்டு, தைக்கிறவங்களுக்கு. வாய்த் தட்டுக்கு மட்டை வெச்சா வேர்வைல ஊறிப் பிஞ்சிரும், பழைய பாட்டாச் செருப்புட அடிய உங்கட நாலு விரல் அகலத்துக்கு வெட்டி நடுவுல மடிச்சி வையுங்க, மடிப்பில லேசாக் கீறி விட்டா நல்லா மூடும். பேரையும் யோசிச்சி வையுங்க. நான் முதல்ல பாபு எண்டு வெச்சி, ஒவ்வொருதரமும் பேரச் சொல்லக்குள்ளயே ரெண்டு கஷ்டத்தத் தாண்ட வேண்டியிருந்திச்சி. இப்ப அவர் கந்தையா. க, ந், த, ய எல்லாமே உதடு தேவையில்லாத எழுத்து. புள்ளைகள் கந்தையாண்ணன் எண்டு கூப்பிடுதுகள்.

பழக்கம் நாளுக்குப் பத்து நிமிசத்துக்கு மேல வேணாம். தொடக்கத்துல நான் தொண்டைய இறுக்கி இறுக்கி ஒரு மணித்தியாலம் பழகி ரெண்டு நாள் குரலே இல்லாம இருந்த நான், மூச்ச வயித்தால தள்ளணும், தொண்டையால இல்ல. மரப் பொம்மைக்குக் கதிரை வேணும், மடி வேணும், ஒரு கை முழுக்க அதுக்குப் போயிரும். கந்தையாவக் கையில மாட்டிக்கிட்டு விறாந்தைல நடந்து நடந்தே பழகலாம், மத்தக் கைல போன பிடிச்சிக்கிட்டு. அண்டைக்கு ரெகர்ட் பண்ணத அண்டைக்கே கேட்டு, எந்தச் சொல்லு வழுக்கிச்சி எண்டு ஒரு கொப்பில எழுதி வெப்பன். மீன், அம்மா, வாங்க எல்லாம் இப்ப கொப்பில இல்ல. அப்பாவும் தம்பியும் கிழமைக்கு ஒருக்கா வரும். போ எண்ட ஒரு சொல்லு மட்டும் இன்னும் ஒவ்வொரு நாளும் வருது, ப-வும் ஓ-வும் ஒரே எழுத்துல வாறதால. அது சரிவாற வரைக்கும் கந்தையா புள்ளைகளுக்கு “நட” எண்டுதான் சொல்றாரு.