ஹ்யூகோவுடன் நான்கு மாதங்கள்: சொந்த இணையதளத்துக்கான மென்பொருள், ஒரு மதிப்புரை

பதினோரு ஆண்டுகளாகப் பொழுதுபோக்காக நடத்திவரும் என் சொந்த இணையதளத்தை இந்த ஆண்டு அடியோடு திருத்தி அமைத்தேன். அதற்காக நான் தேர்ந்தெடுத்த மென்பொருள் ஹ்யூகோ. நான்கு மாதங்களாக மாலை வேளைகளில் அதனோடு பழகியிருப்பதால், கணினித் துறையைச் சேராத ஓர் ஆர்வலருக்கு அது எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதை இப்போது உறுதியாகச் சொல்ல முடியும் என நினைக்கிறேன்.

இதற்கு முன் என் பக்கங்கள் கட்டணச் சேவை ஒன்றில் இருந்தன. கட்டங்களைச் சுட்டியால் இழுத்து வைத்தால் பக்கம் தயாராகிவிடும் என்பதால் தொடக்கத்தில் அது வசதியாகவே இருந்தது. ஆனால் அங்கிருந்து வெளியேற முடிவெடுத்தபோது, ஏறத்தாழ 140 கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் திறந்து நகலெடுக்க வேண்டியதாயிற்று. நான் பெயரிட்டு ஏற்றியிருந்த படங்கள் எல்லாம் பொருளற்ற எண் வரிசைகளாகத் திரும்பி வந்தன. அடுத்து எந்தக் கருவியை எடுத்தாலும், எழுதியவை என் கணினியிலேயே சாதாரண உரைக்கோப்புகளாக இருக்க வேண்டும் என்று அப்போதே தீர்மானித்துக்கொண்டேன்.

ஹ்யூகோ அந்தத் தேவைக்கு அப்படியே பொருந்துகிறது. 2013இல் ஸ்டீவ் பிரான்சியா தொடங்கிய இந்தக் கட்டற்ற மென்பொருள், கோ என்னும் நிரல் மொழியில் எழுதப்பட்டது. கட்டுரைகளை மார்க்டவுன் என்னும் எளிய குறியீட்டு முறையில் எழுதி ஒரு கோப்புறையில் வைத்தால், அவற்றை வார்ப்புருக்களோடு (பக்கத்தின் அமைப்பைச் சொல்லும் கோப்புகள்) இணைத்து, பிரவுசர் காட்டக்கூடிய முழு எச்டிஎம்எல் பக்கங்களாக முன்கூட்டியே உருவாக்கித் தந்துவிடுகிறது. தரவுத்தளம் கிடையாது, வாசகர் வரும்போது சர்வரில் எந்த நிரலும் ஓட வேண்டியதில்லை. 2008இல் வெளிவந்த ஜெக்கிலும் இதே வேலையைச் செய்கிறது, ஆனால் அதற்கு முதலில் ரூபி மொழியையும் அதன் துணைத் தொகுப்புகளையும் நிறுவியாக வேண்டும். ஹ்யூகோவோ ஒரே ஒரு இயங்கு கோப்பு என்பதால், பதிவிறக்கி உரிய இடத்தில் வைத்தவுடன் வேலையைத் தொடங்கிவிடலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேலை செய்யும் வேகம். டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) ஒரு கட்டளை கொடுத்தால், என் கணினியிலேயே 1313 என்ற போர்ட்டில், அதாவது இணைப்பு வாசலில், தளம் இயங்கத் தொடங்குகிறது. அதைப் பக்கத்துச் சாளரத்தில் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் கோப்பில் ஒரு நிறத்தை மாற்றிச் சேமித்தால், கையை எடுப்பதற்குள் பிரவுசரில் நிறம் மாறிவிடுகிறது. வரிகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி விடலாம், தலைப்பு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று கண்ணால் பார்த்துப் பார்த்துத் தீர்மானிக்கும் வேலைக்கு இந்த உடனடித் தன்மை எவ்வளவு பெரிய துணை என்பது பயன்படுத்திப் பார்த்தால்தான் தெரியும்.

வார்ப்புரு மொழியைக் கற்பதுதான் உண்மையான உழைப்பு. அதில் ஒரு புள்ளி, 'இப்போது கையில் இருக்கும் பொருள்' என்பதைக் குறிக்கிறது. பக்கத்தின் மேற்பகுதியில் அந்தப் புள்ளி முழுப் பக்கத்தைச் சுட்டும். கட்டுரைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டும் சுழற்சிக்குள் நுழைந்தவுடன் அதே புள்ளி அந்தந்தக் கட்டுரையைச் சுட்டத் தொடங்கிவிடும். இது விளங்காமல், பட்டியலில் இருந்த ஒவ்வொரு வரியிலும் பகுதியின் பெயர் வர வேண்டிய இடத்தில் கட்டுரையின் பெயரே இரண்டு முறை வருவதைப் பார்த்தபடி இரண்டு மாலைகள் உட்கார்ந்திருந்தேன். வெளியே உள்ள பொருளை எட்டிப் பிடிக்க டாலர் குறியைப் பயன்படுத்த வேண்டும் என்று தெரிந்தபின் மற்றவை சீராகப் புரிந்தன. ஆவணங்கள் விரிவானவை, ஆனால் ஓரளவு புரிந்தவர் திரும்பிப் பார்ப்பதற்கு ஏற்றவையே தவிர, முதன்முதலாக வருபவரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்பவை என்று சொல்ல மாட்டேன்.

ஆயத்த தீம் (பிறர் செய்து வைத்த தள வடிவமைப்பு) ஒன்றோடுதான் நானும் தொடங்கினேன். அதன் தலைப்புகளில் எழுத்துகளை நெருக்கும் ஒரு சிஎஸ்எஸ் வரி இருந்தது. ஆங்கிலத்தில் அழகாகத் தெரிந்த அந்த நெருக்கம், தமிழில் ஒரு எழுத்தின் கால் அடுத்த எழுத்தின் மேல் ஏறும்படி செய்துவிட்டது. வரி இடைவெளியும் போதவில்லை. எழுத்தளவைப் போல 1.7 மடங்கு ஆக்கிய பிறகே படிக்க இதமாக இருந்தது. இப்படி ஒவ்வொன்றாகத் திருத்தும்போது, தீமில் பாதிக்கு மேல் எனக்குத் தேவையில்லாதது என்று தெரிந்ததால், ஆறே வார்ப்புருக்களோடு சொந்தமாக எழுதிக்கொண்டேன். தமிழில் எழுதுபவர்கள் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். கோப்பின் பெயரைத் தமிழில் வைத்தால் முகவரியும் தமிழில் அமையும். அதை நகலெடுத்து ஒட்டும்போது பல இடங்களில் ஒவ்வொரு குறியீடும் ஒன்பது எழுத்துகளாக விரிந்து, 'அம்மா' என்ற ஒரு சொல்லே (அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறியீடுகள்) 45 எழுத்து நீளமாகிவிடும். ஆகவே முகவரிக்கெனத் தனியாக ஒரு குறும்பெயரைக் கட்டுரையின் தலைப்பகுதியில் கொடுத்துவிடுகிறேன். மற்றொன்று, படிக்க ஆகும் நேரத்தை ஹ்யூகோ நிமிடத்துக்கு 213 சொற்கள் என்று கணக்கிடுகிறது. வேற்றுமை உருபுகளும் துணைவினைகளும் ஒட்டி நீளும் நம் சொற்களுக்கு அது பொருந்தவில்லை. நானே சத்தமில்லாமல் படித்துப் பார்த்து, 120 என்று மாற்றி வைத்திருக்கிறேன்.

படங்களைக் கையாளும் திறன் நான் எதிர்பாராத வரவு. கைப்பேசியில் எடுத்த பெரிய படத்தைக் கட்டுரையின் கோப்புறையில் போட்டுவிட்டால், வேண்டிய அகலத்துக்குச் சுருக்கி வெப்பி என்னும் படக்கோப்பு வடிவில் மாற்றித் தருகிறது. முதல் முறை சற்று நேரம் எடுக்கும். அதன் பிறகு சேமித்து வைத்ததையே எடுத்துக்கொள்கிறது. நிமிர்த்திப் பிடித்து எடுத்த படங்கள் சில, சுருக்கியபின் படுத்துக் கிடந்தன. படத்துக்குள் மறைந்திருக்கும் திசைக் குறிப்பு சுருக்கும்போது போய்விடுவதே காரணம். அதற்கு முன் திசையைச் சரிசெய்யும் வடிப்பானை ஒரு வரியில் சேர்த்தால் தீர்ந்தது.

புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடங்கள் சில உண்டு. கட்டளை மூலம் உருவாக்கும் புதிய கட்டுரை, இயல்பாகவே வரைவு என்ற குறியோடுதான் பிறக்கிறது. அந்தக் குறியை நீக்காதவரை தளத்தில் வராது. நாளைய தேதியிட்ட கட்டுரையும் அப்படியே. இவற்றைவிட முக்கியமானது, உருவான பக்கங்கள் சேரும் வெளியீட்டுக் கோப்புறையில் பழையவற்றை ஹ்யூகோ தானாக அழிப்பதில்லை என்பது. நான் நீக்கிவிட்டதாக நம்பியிருந்த ஒரு குடும்பப் பக்கம் மூன்று வாரங்கள் தளத்தில் அப்படியே இருந்ததை ஒரு நண்பர் சொல்லித்தான் அறிந்தேன். இப்போது ஒவ்வொரு முறையும் அந்தக் கோப்புறையைக் காலி செய்துவிட்டே உருவாக்குகிறேன்.

டெர்மினலைத் திறக்கவே விரும்பாதவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். தளத்தில் உறுப்பினர் நுழைவோ விற்பனையோ வேண்டும் என்பவர்களுக்கும் இது ஏற்றதல்ல. எழுத்தும் படங்களும் கொண்ட ஒரு தளத்தைப் பல ஆண்டுகள் சொந்தப் பொறுப்பில் வைத்திருக்க விரும்புபவர், ஒரு மாதம் பொறுமையாகக் கற்கத் தயார் என்றால், தயங்காமல் எடுக்கலாம். என்னுடைய 140 கட்டுரைகளும் இப்போது ஒரு சிறிய பென் டிரைவில் அடங்கியிருக்கின்றன. எந்த உரைத் தொகுப்பானிலும் திறந்து படிக்க முடிகிறது.