லோக்கல் ரயிலில் ரூபிக் கியூபா, சுடோகுவா?

மும்பையின் முலுண்டில் ஸ்லோ லோக்கல் ரயில் ஏறினால் கடைசி ஸ்டேஷனான சிஎஸ்எம்டி போய்ச் சேர ஏறத்தாழ ஒரு மணி நேரம். பையில் எது இருக்கட்டும், ரூபிக் கியூபா, சுடோகுவா? இரண்டையும் வருஷக்கணக்கில் சுமந்தவள் நான்.

கியூபுக்கு இரண்டு கையும் வேண்டும். காட்கோபரில் கூட்டம் ஏறிவிட்டால் முழங்கையை மடக்கவும் வழியில்லை. சுடோகு என்றால் பேப்பரை நாலாய் மடித்து, பேனாவைக் காதில் செருகி, ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்தபடியே மனசுக்குள் நிரப்பலாம்.

ஆனால் ருசி கியூபில்தான் அதிகம். 1974-ல் ஹங்கேரியின் எர்னோ ரூபிக் உருவாக்கியது. எப்படிக் கலைத்தாலும் 20 திருப்பங்களுக்குள் சேர்த்துவிடலாம் என்று 2010-ல் கணினி வைத்து நிரூபித்தார்கள். ஆறு நடுக்கட்டங்களும் ஒன்றுக்கொன்று இடம் மாறவே மாறாது. இது புரிந்தால் பாதி பயம் போய்விடும். அண்ணன் மகன் ஒருநாள் அதைக் கழற்றி, தோன்றியபடி மாட்டித் தந்தான். தாதர் வரை திருகித் திருகிப் பார்த்தேன், ஒரு மூலை மட்டும் முறைத்துக்கொண்டே நின்றது. அப்படி மாட்டினால் திருகிச் சேர்க்கக்கூடியதாய் அமைய 12-ல் ஒரு வாய்ப்புதானாம். "நல்லாத்தானே மாட்டினேன் அத்தை!" என்கிறான் படவா.

சுடோகுவில் ஒரே விடை வர 17 எண்களாவது தந்திருக்க வேண்டும். 16 போதாது என்று 2012-ல் காட்டினார்கள். ஊகித்து எழுதினால் கடைசியில் இரண்டு ஏழு மோதும். பேனாவில் எழுதியிருந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

உட்கார இடம் கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்குக் கியூப். மற்ற நாளில் மடித்த பேப்பர்தான்.