பிளஸ் ஒன் படிக்கும்போதே அமெரிக்க காலேஜ் கிரெடிட்: மகள் படித்த தொழில்முனைவு கோர்ஸ் எப்படி?

கிரெடிட்டுக்காக என்றால் பிள்ளையை இந்த கோர்ஸில் சேர்க்காதீர்கள். ஒரு தொழிலை எப்படி யோசித்துப் பார்ப்பது என்று பிள்ளைக்கு யாராவது பொறுமையாகச் சொல்லித் தரட்டும் என்று நினைத்தால், கையில் காசும் இருந்தால், தாராளமாகச் சேர்க்கலாம். கம்பெனி பெயரைப் போடவில்லை. இதே மாதிரி கோர்ஸை இப்போது பல பேர் விற்கிறார்கள், சொல்வதும் ஏறக்குறைய ஒன்றுதான்: பள்ளியில் படிக்கும்போதே வீட்டில் இருந்தபடி ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் முதலாண்டுப் பாடத்தைப் படிக்கலாம், பாஸானால் மூன்று கிரெடிட், அதாவது டிகிரிக் கணக்கில் சேர்கிற பாட அலகு, கிடைக்கும். என் மகள் கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் பிளஸ் ஒன் காமர்ஸ் படிக்கும்போது சேர்ந்தாள். ஃபீஸ் முப்பதாயிரத்தைத் தொட்டது, அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி.

முதலில் அந்த கிரெடிட் சமாச்சாரம். அமெரிக்காவில் இது பழைய ஏற்பாடு. ஹைஸ்கூல் பிள்ளைகள் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் டூயல் என்ரோல்மென்ட் என்று பாடம் எடுத்து முடித்துவிட்டு, பிறகு டிகிரி சேரும்போது அதே பாடத்தை மறுபடி படிக்காமல் ஃபீஸை மிச்சம் பிடிக்கிறார்கள். அங்கேயே கூட எந்தக் கிரெடிட்டை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பது சேரப்போகும் காலேஜின் முடிவுதான். நம் பிள்ளை நாளைக்கு மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்குக் கீழே ஏதாவது ஒரு காலேஜில் பி.காம் சேரப்போகிறது என்றால், அமெரிக்க மூன்று கிரெடிட்டைக் காட்டி ஒரு பேப்பரைக் கழித்துவிடலாம் என்று நம்பிப் பணம் கட்ட வேண்டாம். இங்கே ஆன்லைன் கிரெடிட் என்றால் முதலில் வருவது மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயம். 2021 யுஜிசி விதிப்படி ஒரு செமஸ்டர் பாடங்களில் 40 சதவீதம் வரை அதன் வழியாகப் படிக்கலாம், ஆனால் அது காலேஜில் சேர்ந்த பிறகு, காலேஜ் ஒத்துக்கொண்ட பாடத்துக்கு. இதெல்லாம் விற்கிறவர்கள் போனில் சொல்ல மாட்டார்கள், "எல்லா இடத்திலும் மதிப்பு உண்டு சார்" என்று முடித்துக்கொள்வார்கள்.

சரி, பாடம் எப்படி? உண்மையிலேயே நன்றாக இருந்தது. வீடியோக்கள் சுமார்தான், பாதி நேரம் சிலிக்கான் வேலி கதை. அசைன்மென்ட்தான் விஷயம். உங்கள் ஊரில் ஏற்கெனவே நடக்கிற ஒரு தொழில் ஏன் அந்த ஊரில் வந்தது என்று எழுதச் சொன்னார்கள். மார்த்தாண்டத்தில் இருந்துகொண்டு தேனை விட்டு வேறு எதை எழுதுவது? 1920களில் ஒய்எம்சிஏவின் ஸ்பென்சர் ஹேட்ச் இங்கே வந்து பெட்டியில் தேனீ வளர்க்கச் சொல்லிக்கொடுத்தது, 1937இல் கூட்டுறவு சங்கம் வந்தது, ரப்பர் இலை உதிர்ந்து தளிர் விடுகிற மாதங்களில் அந்தத் தளிரில் கசிகிற மதுவுக்காகப் பெட்டிகளைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டு வைப்பது, எல்லாம் எழுதினாள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களைக் கொல்கிற சாக்புரூட் என்ற வைரஸ் நோய் வந்து கூடு கூடாக அழிந்ததை அவளுடைய பாட்டா சொல்ல, அதையும் சேர்த்தாள். பாடம் எடுத்தவர் ஓரத்தில் ஒரு கேள்வி மட்டும் எழுதியிருந்தார்: எல்லாம் போன பிறகும் சிலர் ஏன் திரும்பவும் பெட்டி வாங்கினார்கள்? அதற்குப் பதில் தேடி ஒரு வாரம் பாட்டாவை உட்காரவிடவில்லை.

அடுத்தது இன்னும் நல்லது. எதையும் விற்க முயலாமல், வாங்குகிற ஆட்களிடம் போய்ப் பேசச் சொன்னார்கள். தேனை எவ்வளவுக்கு வாங்குவீர்கள், எந்த பாட்டில் பிடிக்கும் என்றெல்லாம் கேள்வி தயார் செய்துகொண்டு போனாள். சந்தைப் பக்கம் ஒரு அக்கா, "விலை கிடக்கட்டும் மக்ளே, போன தடவை வாங்கினது அடியில சீனி மாதிரி கட்டிப் போச்சு, கலப்படம்தானே?" என்று கேட்டிருக்கிறார். மற்றவர்களும் கிட்டத்தட்ட அதையே சொல்லியிருக்கிறார்கள். ரப்பர் தேன் சீக்கிரம் உறைகிற தேன், உறைந்தது என்பதை மட்டும் வைத்து அதைக் கலப்படம் என்று சொல்ல முடியாது. விலையைக் குறைப்பதா கூட்டுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தவளுக்கு, லேபிளில் என்ன எழுதுவது என்பதுதான் முதல் வேலை என்று புரிந்தது. பிளஸ் ஒன் காமர்ஸ் புத்தகத்தில் சந்தைப்படுத்தலுக்கு எத்தனை விளக்கம் இருந்தாலும் இது வராது.

கணக்கும் சொல்லித் தந்தார்கள். ஒரு பாட்டிலுக்குக் கையில் நிற்பது 40 ரூபாய், எடை மெஷின், லேபிள் அச்சு என்று முதலில் போடுவது 6,000 ரூபாய் என்றால், 150 பாட்டில் விற்ற பிறகுதான் போட்ட காசு திரும்பும். எளிய கணக்குதான், ஆனால் தன் கையால் போட்டதும் அம்மாவின் டெய்லரிங் வருமானத்துக்கும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்து வீட்டில் ஒரு சண்டையைக் கிளப்பினாள்.

சட்டம், வரி பற்றிய பகுதி நமக்குப் பயன்படாது. எல்எல்சி என்கிற அமெரிக்கக் கம்பெனி வகை, அமெரிக்க விற்பனை வரி என்று போகிறது. இங்கே தேவை உணவுப் பொருள் விற்க எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு, சிறுதொழிலுக்குக் காசில்லாமல் கிடைக்கிற உத்யம் பதிவு, நம் மாநிலத்தில் பொருள் விற்பனை வருடம் 40 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி. 18 வயது ஆகாதவர் போடும் ஒப்பந்தம் இங்கே செல்லாது, ஆகவே அப்பா பேரிலோ அம்மா பேரிலோதான் தொடங்க வேண்டும். இதில் ஒரு வரி கூட கோர்ஸில் இல்லை.

நேரமும் ஒரு தொல்லை. அங்கே இரவு எட்டு மணி வகுப்பு நமக்குக் காலை ஐந்தரை. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் ஆறரை ஆகிவிட்டது, ஸ்கூல் பஸ்ஸோடு மோதியது. அதே நேரம் பார்த்து வடகிழக்குப் பருவமழை, கரண்ட் போனால் நெட்டும் போகும். கடைசி ஒரு மாதம் ரெக்கார்டிங்தான் பார்த்தாள். அந்த வகுப்புகளில் கேள்வி கேட்க முடியாமல் போனது பெரிய நஷ்டம், ஏனென்றால் நாம் பணம் கொடுத்ததே அதற்குத்தான்.

பணம் போட முடியாதவர்கள் ஐஐடிகள் சேர்ந்து நடத்துகிற என்பிடெல் ஆன்லைன் பாடங்கள் பக்கம் பாருங்கள். தொழில்முனைவுக்கு ஐஐடி பேராசிரியர்கள் எடுத்த பாடங்களே உண்டு, பார்க்கக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக் கட்டணம். மதிப்பெண்ணில் 25 அசைன்மென்ட்டுக்கு, 75 தேர்வுக்கு. அசைன்மென்ட் பெரும்பாலும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கிற வகை என்பதால், ஓரத்தில் கேள்வி எழுதுகிற ஆள் மட்டும் நீங்களே பிடிக்க வேண்டும். ஊரில் கடை நடத்துகிற சித்தப்பாவோ மாமாவோ போதும்.

வெளிநாட்டில் டிகிரி படிக்கிற எண்ணம் இருப்பவர்கள் பணம் கட்டும் முன்பே அந்தக் காலேஜுக்கு மெயில் போட்டு இந்தக் கிரெடிட்டை எடுப்பார்களா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், டிரான்ஸ்கிரிப்டை (மதிப்பெண் பட்டியலை) நேரே காலேஜுக்கு அனுப்பத் தனியாக டாலரில் கேட்கிறார்கள், அது விளம்பரத்தில் சொன்ன ஃபீஸில் சேராது. ரீஃபண்ட் முதல் வாரத்துக்குள் கேட்டால்தான்.