அயர்லாந்து மூதாதையரைத் தேடித் தருகிறோம் என்பவரிடம் பணம் கட்டுவதற்கு முன்

பெரம்பூரிலும் பரங்கிமலையிலும் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் அயர்லாந்துப் பெயர் கொண்டவர்கள் நிறைய உண்டு. கும்பெனியின் மெட்ராஸ் ஐரோப்பிய ரெஜிமெண்டில் அந்த நாட்டுச் சிப்பாய்கள் ஏராளமாக இருந்தார்கள். அந்த ரெஜிமெண்ட்தான் 1881இல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் முதல் பட்டாலியன் ஆனது. பூட்டன் பிறந்த ஊர் எது என்று தெரிந்துகொள்ள இந்தக் குடும்பங்களுக்கு இருக்கும் ஆசையை வைத்து ஒரு வியாபாரமும் நடக்கிறது. அப்படி ஒரு குடும்பம் 780 யூரோ கட்டி வாங்கிய 46 பக்க அறிக்கையை வரிவரியாகச் சரிபார்த்தோம். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. மோசடி எந்தெந்த இடத்தில் ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

குடும்பத்தின் கையில் இருந்தது ஒரே ஆவணம்: 1862இல் மெட்ராஸில் நடந்த திருமணத்தின் பதிவு. மாப்பிள்ளை சிப்பாய் பேட்ரிக், குடும்பப் பெயர் மர்ஃபி, வயது 26, தகப்பன் பெயர் ஜான். சொந்த ஊர் 'கார்க் கவுண்டி' என்பது வீட்டில் வழிவழியாகச் சொல்லிவந்தது. அயர்லாந்திலேயே மிகப் பரவலான குடும்பப் பெயர் மர்ஃபி. அந்தப் பெயர் மிக அதிகமாக இருக்கும் பகுதிகளில் ஒன்று கார்க். இந்த இரண்டையும் சொன்னதும், நேர்மையான ஆராய்ச்சியாளர் என்றால் "கிராமப் பெயர் கிடைக்காமல் அயர்லாந்துப் பதிவேட்டைத் திறப்பதில் பயனில்லை" என்று சொல்லியிருப்பார். இவர்களோ ஆறு வாரத்தில் 1740 வரை வம்சாவளி வரைந்து அனுப்பிவிட்டார்கள்.

முதல் பொய் 9ஆம் பக்கத்தில். '1861 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கார்க்' என்ற தலைப்பில் வீட்டில் இருந்தவர்களின் அட்டவணை. 1861, 1871 கணக்கெடுப்புப் படிவங்களை அரசாங்கமே அழித்துவிட்டது. 1881, 1891 படிவங்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் கூழாக்கப்பட்டன. 1821 முதல் 1851 வரையிலானவை, சில துண்டுகள் நீங்கலாக, 1922 ஜூன் 30 அன்று டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகத்தோடு எரிந்தன. முழுசாக இருப்பவற்றில் பழையவை 1901, 1911 இரண்டும்தான். அவற்றை அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். கார்க்கின் 1861 கணக்கெடுப்பு என்று யார் காட்டினாலும் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஞானஸ்நானப் பதிவு. பச்சைக் கரையும் யாழ்ச் சின்னமும் அச்சிட்ட தடித்த தாளில் 'சான்றிதழ்' என்று ஒன்று கொடுத்திருந்தார்கள். அதில் தேதி, பிள்ளை பெயர், தாய் தகப்பன் பெயர் மட்டும் இருந்தன. மூலப் பதிவேட்டின் படம் இல்லை, மைக்ரோஃபிலிம் எண் இல்லை, பக்க எண்ணும் இல்லை. இதில் வருத்தம் என்னவென்றால், அந்தப் பதிவேட்டைப் பார்க்கப் பத்துப் பைசா செலவில்லை. கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள் (பங்கு என்பது ஒரு கோயிலுக்கு உட்பட்ட வட்டாரம், அதாவது பாரிஷ்) அந்தந்தப் பங்கிலேயே இருந்ததால் 1922 தீயில் தப்பின. ஏறக்குறைய 1880 வரையிலானவற்றை அயர்லாந்து தேசிய நூலகம் 2015 ஜூலையில் இலவசமாக இணையத்தில் ஏற்றிவிட்டது. அங்கே இருப்பது படம் மட்டும், பெயரை அடித்துத் தேட முடியாது. ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் இதே பதிவேடுகளுக்கான பெயர்ப் பட்டியல் இருக்கிறது.

பட்டியலில் தேடி அந்தப் பதிவைக் கண்டுபிடித்துப் படத்தைத் திறந்தோம். பேட்ரிக் என்பதன் முதல் மூன்று எழுத்தை எழுதி, கடைசி எழுத்தைச் சின்னதாக மேலே ஏற்றிவிட்டிருக்கிறார் பங்குத்தந்தை. ஜானுக்கும் அதே போல ஒரு சுருக்கம். அடுத்து தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர், ஞானப்பெற்றோர் இருவர் பெயர், வலது ஓரத்தில் மை மங்கிய எழுத்தில் டவுன்லேண்டின் பெயர். டவுன்லேண்ட் என்பது நம் குக்கிராமத்தைவிடச் சிறிய நிலப் பிரிவு. தீவு முழுவதும் அறுபதாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்துக் காட்டுவது அந்தச் சொல் ஒன்றுதான். அச்சிட்ட 'சான்றிதழில்' அதையும் ஞானப்பெற்றோர் பெயரையும் விட்டுவிட்டார்கள்.

விட்டதற்குக் காரணம் அதே பதிவேட்டைப் புரட்டினால் புரியும். அதே தாய் தகப்பன், அதே டவுன்லேண்ட், ஐந்து வருடம் கழித்து இன்னொரு ஆண் குழந்தை, அதற்கும் பேட்ரிக் என்றே பெயர். அந்தக் காலத்து அயர்லாந்தில் ஒரு பிள்ளை இறந்துபோனால் அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு அதே பெயரை வைப்பது சாதாரண வழக்கம். அதாவது, மெட்ராஸ் சிப்பாய் என்று இவர்கள் காட்டிய குழந்தை பெரும்பாலும் ஐந்து வயதுகூட நிறையாமல் இறந்திருக்கிறது. உடன்பிறந்தவர்களின் பதிவுகளை எல்லாம் தாயின் குடும்பப் பெயரை வைத்துத் தேடி, வரிசைப்படுத்திப் பார்ப்பது இந்த வேலையின் அரிச்சுவடி. முதலில் கண்ணில் பட்ட பெயரோடு தேடலை நிறுத்திவிட்டார்கள். 1830களின் கார்க்கில் ஜான் மகன் பேட்ரிக் மர்ஃபி டஜன் கணக்கில் தேறுவார்கள். மற்றவர்களை ஏன் தள்ளினார்கள் என்று அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை.

கல்லறைப் படம் இன்னும் மோசம். பாசி படர்ந்த ஒரு கல், 'ஜான் மர்ஃபி, 1849 பிப்ரவரி, வயது 60' என்று படிக்க முடிகிறது. படத்தின் கீழ் ஓரத்தை வெட்டியிருக்கிறார்கள். ஆனாலும் வாட்டர்மார்க்கின் மேல்பாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. கூகுளில் படத்தைக் கொடுத்துத் தேடியதும், தன்னார்வலர்கள் கல்லறைப் படங்களைச் சேர்க்கும் தளத்தில் மூலம் கிடைத்துவிட்டது. சம்பளமில்லாமல் யாரோ புல்லுக்குள் மண்டியிட்டு எடுத்த படம் அது. போகட்டும், இந்த ஜான்தான் தகப்பன் என்றால், அறிக்கையின் 17ஆம் பக்கத்தில் 1853இல் ஞானஸ்நானம் பெற்ற கடைசிப் பிள்ளைக்கும் அவரையே தகப்பனாக எழுதியிருக்கிறார்கள். இறந்து நான்கு வருடம் கழித்து!

கார்க் போன்ற இடங்களில் 1840களின் சிறு குத்தகைக் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் கல்வெட்டே கிடையாது. பஞ்சத்தில் இறந்த பலர் பொதுக் குழிகளில் புதைக்கப்பட்டார்கள். கல் இருந்தாலும் அதில் உள்ள வயது பல நேரம் உத்தேசம்தான். அமெரிக்கா போன மகன் இருபது முப்பது வருடம் கழித்துக் கல் நட்டிருக்கலாம். 'நட்டவர்' என்ற வரியை முதலில் படிக்கவும். தெற்கு, மேற்குக் கவுண்டிகளின் கத்தோலிக்கப் பங்குகளில் அடக்கப் பதிவேடு இருப்பது அரிது. பழைய கல்லறைத் தோட்டங்கள் பல புராட்டஸ்டண்ட் சபையான சர்ச் ஆஃப் அயர்லாந்தின் கையில் இருந்ததால், கத்தோலிக்கரின் அடக்கமும் அந்தச் சபையின் ஏட்டில் வரும். அந்த ஏடுகளில் பெரும்பகுதி 1922இல் எரிந்துவிட்டது. டப்ளின்காரர்களுக்கு மட்டும் அதிர்ஷ்டம்: 1832இல் திறந்த கிளாஸ்னெவின் கல்லறைத் தோட்டத்தின் ஏடுகள் இருக்கின்றன, கட்டணம் கட்டினால் அதே குழியில் அடக்கமான மற்றவர்களின் பெயர்களையும் பார்க்கலாம்.

1740 வரை போன வம்சாவளிக்கு ஆதாரமாக 1823 முதல் 1837 வரையிலான தசமபாக வரி ஏடுகளைக் காட்டியிருந்தார்கள். அவற்றில் நிலம் வைத்திருந்தவர் பெயர் இருக்கும், யாருக்கு யார் மகன் என்பது இருக்காது. 'மர்ஃபி குலச் சின்னம்' என்று ஒரு கேடயப் படமும் இணைத்திருந்தார்கள். அங்கே சின்னம் தனி ஆளுக்கும் அவர் வாரிசுகளுக்கும் வழங்கப்படுவது. குடும்பப் பெயருக்கு என்று ஒன்று கிடையாது.

கடைசிப் பக்கத்தில் 'ஐரிஷ் பாஸ்போர்ட் உதவி, கூடுதலாக 400 யூரோ' என்று ஒரு வரி. இதில் பணத்தை விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டில் பிறந்தவர் அயர்லாந்துக் குடியுரிமை பெறுவதற்கான 'வெளிநாட்டுப் பிறப்புப் பதிவு'க்குப் பொதுவாகத் தாத்தாவோ பாட்டியோ அயர்லாந்துத் தீவில் பிறந்திருக்க வேண்டும். 1836இல் பிறந்த பூட்டனை வைத்துக் குடியுரிமை கேட்க வழியில்லை.

குடும்பம் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "ஆராய்ச்சி நேரத்துக்குத்தான் கட்டணம், முடிவுக்கு இல்லை" என்று பதில் வந்தது. நல்ல ஆராய்ச்சியாளர்களும் மணிக்கணக்கில்தான் வாங்குவார்கள், அதில் தப்பில்லை. ஆகவே கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை: ஒவ்வொரு பதிவுக்கும் பங்கு, மறைமாவட்டம், மைக்ரோஃபிலிம் எண், பக்க எண், பொருந்தாமல் தள்ளிய ஆட்களின் பட்டியல், தள்ளிய காரணம், தேடியும் கிடைக்காத ஏடுகளின் பெயர்கள். கடைசியில் உள்ளதைத் தர மறுப்பவர் தேடவே போவதில்லை. ஏற்கெனவே கார்டில் கட்டிவிட்டவர்கள், இல்லாத கணக்கெடுப்பைக் காட்டிய பக்கத்தை இணைத்து வங்கியில் உடனே புகார் கொடுங்கள். அதற்குக் கெடு உண்டு.

இந்தச் சிப்பாய்க்கு முதலில் பார்த்திருக்க வேண்டியது லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் உள்ள மெட்ராஸ் படைப் பட்டியல்கள். ஆளெடுப்பு ஏடுகளில் பிறந்த கவுண்டியும் பல நேரம் பாரிஷும் எழுதியிருப்பார்கள். அந்தப் பாரிஷ் சிவில் பாரிஷ், அதாவது அரசு நிர்வாகத்துக்கான பிரிவு. கத்தோலிக்கப் பங்கின் எல்லை வேறாக இருக்கும், சில இடங்களில் பெயரும் வேறு. தேசிய நூலகத் தளத்தின் வரைபடத்தில் எந்தப் பங்கு என்று பார்த்து, அதன் ஏடு எந்த வருடத்தில் தொடங்குகிறது என்பதையும் பார்த்துக்கொண்டு, அதற்குப் பிறகு பெயரைத் தேடுங்கள். ஆறு வாரத்தில் இந்தப் படைப் பட்டியலை அவர்கள் ஒருமுறைகூடத் தொடவில்லை.