கம்பியில்லா அழைப்புமணிக்கு ‘ரியூனிங்’ கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

யாழ்ப்பாணத்திலும் சுற்றுப்புறங்களிலும் கம்பியில்லா அழைப்புமணி வாங்க இருப்பவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்னர் இதைப் படித்துவிட வேண்டும் என்று எழுதுகிறேன். நகரிலுள்ள ஒரு மின்பொருட் கடை எங்களிடம் மணியின் விலையை வாங்கிய பின்னர், அது ஒழுங்காக வேலை செய்யாமற் போனதற்கு ‘மீடிறன் (பிறீக்குவென்சி) மாறிவிட்டது, ரியூனிங் செய்ய வேண்டும்’ என்று காரணம் சொல்லி ஒரு தொகையும், ‘பூஸ்ரர்’ என்று சொல்லி இன்னொரு தொகையும் வாங்கியது. முதலாவது தொகை செய்யாத வேலைக்கு வாங்கியது. இரண்டாவது, சொன்ன பொருளாக இல்லாத ஒன்றுக்கு வாங்கியது. முறைப்பாடு உரிய இடத்தில் கொடுக்கப்பட்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

எங்கள் வீடு கொக்குவிலில், நீளமான ஒரு வளவின் உட்புறத்தில் இருக்கிறது. கேற்றுக்கும் விறாந்தைக்கும் இடையில் ஏறத்தாழ 30 மீற்றர் தூரம். அம்மாவுக்குக் காது சற்று மந்தமாகிவிட்டதால், பகலில் அவர் தனியாக இருக்கும் நேரங்களில் தபாற்காரர் பதிவுத் தபாலைத் திருப்பிக் கொண்டுபோவதும், எரிவாயுச் சிலிண்டர் கொண்டுவருபவர் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடுவதும் வழக்கமாகிவிட்டன. கேற்றிலிருந்து வீடுவரை வயர் இழுப்பதென்றால் முற்றத்தைக் கிண்டிக் குழாய் பதிக்க வேண்டும் என்பதனால் கம்பியில்லா மணியைத் தேர்ந்தெடுத்தோம். பெட்டியில் ‘300 மீற்றர்’ என்று அச்சிட்டிருந்தது. எங்கள் வளவின் நீளத்தையும், கேற்று முழுவதும் இரும்புத் தகடு என்பதையும், வீடு சுண்ணாம்புக்கல்லால் கட்டிய பழைய வீடு என்பதையும் கடைக்காரரிடம் தெளிவாகச் சொன்னேன். அவர் எதற்கும் யோசிக்கவில்லை. வேலை செய்யும் என்று உறுதி கூறி, பொருத்துவதற்குத் தன் ஆளையும் அனுப்பினார்.

வந்த இளைஞர், வருபவர்கள் அழுத்தும் பொத்தானாகிய அழுத்தியைக் கேற்றின் இரும்புத் தூணிலேயே திருகாணி போட்டு இறுக்கினார். மணிப் பெட்டியை உள் அறையில், குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னாலிருந்த பிளக்கில் செருகினார். கதவுகள் எல்லாம் திறந்திருந்த அந்த நேரத்தில் மணி அடித்தது. பணத்தை வாங்கிக்கொண்டு போனார். கதவைச் சாத்திய பின்னர் சில வேளை அடித்தது, பல வேளை அடிக்கவில்லை. மாரி மழை தொடங்கிய பின்னர் அடியோடு நின்றுவிட்டது.

கடைக்குச் சொன்னதும் அதே இளைஞர் மீண்டும் வந்தார். மணிப் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “அக்கா, உங்கட பெல்லின்ர பிறீக்குவென்சி மாறிப்போச்சு. பக்கத்து வீட்டு பெல்லும் இடைஞ்சல் குடுக்குது. ரியூன் பண்ணாட்டி இது வேலை செய்யாது” என்றார். பிறகு பெட்டியின் பக்கத்திலிருந்த சிறிய பொத்தானை விளக்கு மினுங்கும்வரை அழுத்திப் பிடித்தார். கேற்றடிக்குப் போய் அழுத்தியை அழுத்தினார். மணி ஒருமுறை அடித்தது. அதற்கு 1,500 ரூபாய். வீட்டிலிருந்த அம்மா கொடுத்துவிட்டார். மறுநாளே மணி பழைய நிலைக்குத் திரும்பியது.

மீடிறன் மாறிவிட்டது என்ற கூற்று ஏன் பொய் என்பதை விளங்கிக்கொள்ள, மணி எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். கேற்றில் இருக்கும் அழுத்தி ஒரு சிறிய வானொலிச் செலுத்தி. வீட்டுக்குள் இருக்கும் பெட்டி அதன் வாங்கி, அதாவது அந்த அலையைப் பெறும் கருவி. யாராவது அழுத்தும்போது மட்டும் செலுத்தி உயிர்பெற்று, பெரும்பாலான மணிகளில் 433.92 மெகாஹேர்ட்ஸ் என்ற மீடிறனில், தனக்கென அமைந்த ஓர் இலக்கத்தை அலையை விட்டுவிட்டு அனுப்புவதன் மூலம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அந்த மீடிறனைச் செலுத்தியில் நிலைநிறுத்துவது சிறிய உலோக மூடிக்குள் இருக்கும் ஒரு படிகத் துண்டு. அது தொழிற்சாலையில் வெட்டப்பட்ட அளவிலேயே அதிரும். வீட்டில் எவரும் எந்தப் பொத்தானை அழுத்தியும் அதை மாற்ற முடியாது. மலிவான வாங்கிகள் சிலவற்றில் சரிசெய்யக்கூடிய ஒரு கம்பிச் சுருள் இருப்பது உண்மை. ஆனால் அதைத் தொடுவதற்குப் பெட்டியைத் திறக்க வேண்டும். சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அளக்கும் கருவியும் வேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்தவர் ஒரு திருகாணியைக் கூடக் கழற்றவில்லை.

அவர் செய்தது வேறொன்று. வாங்கி எல்லா அலைகளுக்கும் மணி அடிப்பதில்லை. தான் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் இலக்கத்துடன் வருகின்ற இலக்கம் பொருந்தினால்தான் அடிக்கும். அந்த இலக்கத்தை அதற்குக் கற்றுக்கொடுப்பதற்காகவே பெட்டியின் பக்கத்தில் அந்தச் சிறிய பொத்தான் இருக்கிறது. விளக்கு மினுங்கும்வரை அதைப் பிடித்துவிட்டு அழுத்தியை ஒருமுறை அழுத்தினால் சோடி சேர்ந்துவிடும். பெட்டிக்குள் இருக்கும் துண்டுப் பிரசுரத்தில் படத்துடன் இது போடப்பட்டிருக்கிறது. பத்து வயதுப் பிள்ளையும் ஒரு நிமிடத்தில் செய்துவிடலாம். எங்கள் மணி ஏற்கெனவே சோடி சேர்ந்துதான் இருந்தது. சேராவிட்டால் சில வேளையாவது அடித்திருக்காது. ஆகவே தேவையே இல்லாத ஒன்றைச் செய்துவிட்டு, அதற்குச் செய்யாத வேலையின் பெயரைச் சூட்டிப் பணம் வாங்கியிருக்கிறார்கள். வயதானவர் ஒருவரிடம் இப்படி நடந்துகொண்டதுதான் எனக்கு மிகவும் ஆத்திரமாக இருக்கிறது.

பக்கத்து வீட்டு மணியைப் பற்றிச் சொன்னதும் ஆராய்ந்தால் நிற்காது. இத்தகைய மணிகளில் பரவலாகப் பயன்படும் ஈ.வி. 1527 என்ற ‘சிப்’பில் அந்த இலக்கம் 20 இரும இலக்கங்களால் (ஒவ்வொன்றும் 0 அல்லது 1) ஆனது. அதாவது 1,048,576 வேறுபட்ட இலக்கங்கள் சாத்தியம். அயல் வீட்டில் அதே இலக்கம் அமைவது மிக அரிது. பழைய வகை மணிகளில் தெரிவுகள் குறைவு என்பதனால் அப்படி நடப்பதுண்டு. ஆனால் அப்போது உண்டாகும் தொல்லை, எவரும் வராதபோது எங்கள் மணி அடிப்பது. எங்கள் வீட்டிலோ ஆள் வந்து நின்று அழுத்தியும் மணி அடிக்கவில்லை. குறை ஒரு பக்கமும் காரணம் மறுபக்கமும் இருப்பதை அந்த இளைஞர் அறியாதவராக இருக்கலாம். அவரை அனுப்பிய கடைக்காரர் பல வருடங்களாக இதே தொழிலில் இருப்பவர்.

மூன்றாவது கட்டமாகப் ‘பூஸ்ரர்’ வந்தது. அலையைப் பெருக்கி வீட்டுக்குள் அனுப்பும் என்று சொல்லி, மணி முழுவதற்கும் நாங்கள் கொடுத்த 3,800 ரூபாயையும் விஞ்சும் தொகையாக 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, விறாந்தைப் பிளக்கில் ஒரு பெட்டியைச் செருகிவிட்டுப் போனார்கள். அது விறாந்தையில் அடித்தது; உள்ளே இருந்த பழைய பெட்டி முன்போலவே மௌனமாக இருந்தது. மின்னியல் படித்த என் மருமகன் விடுமுறையில் வந்தபோது அதைத் திறந்து பார்த்தார். அது இன்னொரு வாங்கி மட்டுமே. ஓர் அழுத்திக்கு எத்தனை வாங்கிகளையும் சோடி சேர்க்கலாம். ஒவ்வொன்றும் தனக்குக் கேட்டால் அடிக்கும், ஆனால் தனக்குக் கேட்டதை மற்றதற்கு எடுத்துச் சொல்லாது. அலையைப் பெற்று மீண்டும் அனுப்புவதென்றால் அந்தப் பெட்டிக்குள் ஒரு செலுத்தியும் இருக்க வேண்டும். எங்களுக்குத் தந்ததில் அப்படி எதுவும் இருக்கவில்லை. அலையை மீள அனுப்பும் கருவிகள் உலகில் இல்லாமலில்லை. ஆகவே ‘பூஸ்ரர்’ என்று யாராவது விற்றால், அதை நடுவில் செருகிவிட்டு, முன்பு அடிக்காத உள் அறைப் பெட்டி இப்போது அடிக்கிறதா என்று அவர்கள் முன்னிலையிலேயே பாருங்கள்.

உண்மையான காரணங்களை மருமகன் ஒரு பின்னேரத்தில் கண்டுபிடித்தார். 433.92 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 69 சென்ரிமீற்றர். அதற்கேற்ற நேர் அன்ரனா அதன் காற்பங்காகிய 17 சென்ரிமீற்றர் வரை வேண்டும். விரலளவு அழுத்திக்குள் அவ்வளவு இடமில்லை என்பதனால் அன்ரனாவை மின்சுற்றுப் பலகையிலேயே சுருக்கி வைத்திருக்கிறார்கள். இப்படிச் சுருங்கிய அன்ரனாவை இரும்புத் தூணோடு ஒட்டி வைத்தால் அதன் இசைவு கெட்டு, வெளிவிட வேண்டிய வலுவில் பெரும் பங்கு வீணாகிறது. எஞ்சியதையும் தகட்டுக் கேற்று மறைக்கிறது. அதற்கு மேல் எங்கள் வீட்டின் தடித்த கற்சுவர்கள். நனைந்த சுவர் உலர்ந்த சுவரைவிடக் கூடுதலாக அலையை விழுங்கும் என்பதனால்தான் மாரியில் முற்றாக நின்றிருக்கிறது. கடைசியாகக் குளிர்சாதனப் பெட்டியின் உலோக உடல். இத்தனையும் தாண்டி ஓர் அலை போய்ச் சேர வேண்டுமென்று எதிர்பார்த்துத்தான் பொருத்தியிருக்கிறார்கள். பெட்டியில் போட்ட 300 மீற்றர் என்பது தடையே இல்லாத வெளியில், அழுத்தியும் வாங்கியும் ஒன்றையொன்று நேரே பார்க்கும் நிலையில் கிடைக்கக்கூடிய தூரம். முற்றவெளி மைதானத்தில் நின்று பரீட்சித்தால் கிடைக்கக்கூடியதை வளவுக்குள்ளும் கிடைக்கும் என்று சொல்லி விற்பது நேர்மையாகாது.

பற்றரியும் பழையது. எங்கள் அழுத்தியில் இருந்தது சிறுவிரலை விடச் சிறிய, 23ஏ என்ற 12 வோல்ற் வகை, அதற்குள் 1.5 வோல்ற் பொத்தான் மின்கலங்கள் எட்டு அடுக்கப்பட்டிருக்கும். அழுத்தும்போது மட்டுமே மின் செலவாவதால் புதியதாக இருந்தால் ஒரு வருடத்துக்கு மேலும் நிற்கும். எங்களுடையதில் அச்சிட்டிருந்த திகதி வாங்கும்போதே கடந்திருந்தது. தட்டையான சீ.ஆர். 2032 பற்றரி போடும் அழுத்திகளும் உண்டு. சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளில் கழற்றிய பற்றரியை எங்கும் போட்டுவிட வேண்டாம், விழுங்கினால் உணவுக்குழாயைச் சில மணித்தியாலங்களிலேயே அரித்துவிடும்.

மருமகன் செய்த மாற்றங்களுக்கு ஒரு பற்றரியின் விலை மட்டுமே செலவானது. தூணிலிருந்து அழுத்தியைக் கழற்றி, மதிலிலிருந்து ஒரு சாண் வெளியே நீட்டிய பனஞ்சலாகைத் துண்டொன்றில், கூரைபோல ஒரு சிறு மறைப்பின் கீழ் பொருத்தினார். மணிப் பெட்டியை முன்கதவுக்கு அண்மையில், உயரமான ஒரு பிளக்குக்கு மாற்றினார். அன்று முதல் மழையிலும் கதவு சாத்தியிருக்கும்போதும் மணி அடிக்கிறது. மின்சாரம் நிற்கும் நேரத்தில் மட்டும் அடிக்காது. வாங்கி எந்நேரமும் காது கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியிருப்பதால் பெரும்பாலும் பிளக் மின்சாரத்திலேயே இயங்குகிறது. இதையும் கடையில் எவரும் சொல்லவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனபோது, அதைத் தராமல், கமரா பூட்டிய மணியை வாங்கும்படி வற்புறுத்தினார்கள். அந்த வகை மணி வீட்டு வைஃபையில் இயங்குவது. உள்ளே வைத்திருக்கும் றவுற்றரின் அலை கேற்றுவரை எட்டாவிட்டால் அதுவும் இதே கதைதான். கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு கேற்றடியில் நின்று வைஃபை கிடைக்கிறதா என்று பார்க்காமல் எவரும் அதை வாங்க வேண்டாம்.

மணி வாங்குபவர்கள் கடையிலேயே கேட்க வேண்டியது ஒன்று உண்டு: உங்கள் வீட்டில், கதவுகளைச் சாத்திய பின்னர், கேற்றடியில் நின்று அழுத்தி அடித்துக் காட்டிய பிறகுதான் பணம் என்று சொல்லுங்கள். உடன்படாத கடையில் வாங்க வேண்டாம். பற்றுச்சீட்டில் பொருளின் பெயரும் மாதிரி இலக்கமும் செய்த வேலையும் தனித்தனியாக எழுதப்பட வேண்டும். எங்களுக்கு முதலில் தந்த சீட்டில் ‘பெல் வேலை’ என்று மட்டும் இருந்தது. நான் விடாமல் நின்று ‘ரியூனிங்’, ‘பூஸ்ரர்’ என்று அவர்கள் கையாலேயே எழுதுவித்தேன். வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் ஏமாற்றும் நடத்தையையும் பொருள் பற்றிய பொய்க் கூற்றுகளையும் தடைசெய்கிறது. பொருளை வாங்கி மூன்று மாதங்களுக்குள் முறைப்பாட்டை அந்த அதிகாரசபைக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். கடை ‘நாளைக்கு வாங்கோ’ என்று இழுத்தடிக்கும்போது இந்தக் காலம்தான் கரைந்துபோகிறது. ஆலோசனைக்கு அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம். எங்கள் முறைப்பாட்டுடன் பற்றுச்சீட்டுகளின் பிரதிகள், திறந்த ‘பூஸ்ரர்’ பெட்டியின் படங்கள், பற்றரியின் திகதி தெரியும் படம், அழுத்தி இரும்புத் தூணில் பூட்டப்பட்டிருந்த நிலையில் கழற்றுவதற்கு முன் எடுத்த படம் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். விசாரணையின் முடிவு தெரிந்ததும் அதையும் எழுதுவேன்.